மரத்தடி மண்ணை மூடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தோட்டப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களின் அடிமண்ணைப் பற்றியே கேட்கின்றன. சருகை விட்டுவைக்கலாமா, களையை எப்படி அடக்குவது, கரையான் வந்துவிடாதா என்று ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளாக இருப்பதால், அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பதில் தருகிறோம்.

எங்கள் வீட்டின் பின்புறம் பெரிய ஒட்டு மாமரம் ஒன்றும் வேம்பு ஒன்றும் நிற்கின்றன. நாள்தோறும் மரத்தடியைப் பெருக்கிச் சருகைக் கொளுத்திவிடுவது வழக்கம். சில ஆண்டுகளாக மண் கல்லாக இறுகிவிட்டது. ஊற்றும் தண்ணீர் இறங்காமல் வழிந்தோடுகிறது. சருகை அப்படியே விடச் சொல்கிறார் உறவினர் ஒருவர். அது குப்பையாகத் தெரியாதா? (வாசகி, மணப்பாறை)

உங்கள் உறவினர் சொல்வதைத் தயங்காமல் கேளுங்கள். மரத்தடியைத் தினமும் துடைத்தாற்போல் பெருக்குவது நம் வீடுகளில் தூய்மையின் அடையாளமாகவே இருந்துவருகிறது. ஆனால் மரத்துக்கு அதைவிடப் பெரிய கெடுதலை நாம் அறியாமல் செய்வது அரிது. மூடப்படாத மண்ணில் மழைத்துளி நேராக விழும்போது மேல்மண்ணின் நுண்துகள்கள் சிதறி, மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓர் ஓடாகப் படிந்துவிடுகின்றன. அதன் பிறகு தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. விளக்குமாறு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேல்மண்ணையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறது. மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் ஒரு பங்கை இலை வழியாகத் திருப்பித் தருகிறது. அதைத்தான் நாம் தீயில் இடுகிறோம்.

மரத்தின் வேர் ஆழத்தில்தான் இருக்கிறது, மேலே என்ன செய்தால் என்ன என்று பலர் நினைக்கின்றனர். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேலிருந்து 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே படர்ந்திருக்கிறது, அதுவும் கிளைகளின் விளிம்பைத் தாண்டியும் பரவியிருக்கிறது. ஆகவே மேல்மண் சூடேறுவதும் இறுகுவதும் நேரடியாக அந்த வேர்களைத்தான் தாக்கும்.

இறுகிய மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்ட வேண்டாம், வேர்கள் அறுபடும். முதலில் நன்றாக நனைத்து, மறுநாள் களைக்கொத்தால் மேலோட்டை மட்டும் இரண்டு விரல் ஆழத்துக்குள் மெல்லக் கிளறிவிடுங்கள். அதன்மேல் மக்கிய தொழு உரத்தை மெல்லியதாகப் பரப்பி, பிறகு வேப்பஞ்சருகையும் மாஞ்சருகையும் கலந்து 7 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு மூடாக்கு இடுங்கள். புதிய சருகு சில வாரங்களிலேயே பாதியாக அமுங்கிவிடும் என்பதால் அவ்வப்போது சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கிளைகளின் விளிம்பு வரை பரப்புவது சிறந்தது. இடம் இல்லையென்றால் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது பரப்புங்கள். ஒரு பருவமழை கழிந்த பின் மூடாக்கைக் கையால் விலக்கிப் பார்த்தால், அடியில் இருக்கும் இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிய வலையாகி, வெண்ணிறப் பூஞ்சை இழைகள் ஓடி, மண்புழுவின் எச்சம் குருணை குருணையாகக் கிடப்பதைக் காண்பீர்கள். தண்ணீர் இறங்கத் தொடங்கியதற்கு அதுவே அறிகுறி.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மார்கழிக் கடைசியிலோ தை மாதத்திலோ மூடாக்கு இட்டால் கோடை முழுவதும் அந்த ஈரம் காக்கப்படும். காய்ந்த மண்ணின்மேல் தடிமனாக இட்டுவிட்டால் சிறு தூறலை மூடாக்கே குடித்துவிடும். வேருக்கு எதுவும் போய்ச் சேராது. மாமரத்துக்கு மட்டும் ஒரு மாற்றம் உண்டு. பூவெடுக்கும் முன் அதன் அடிமண் சற்றுக் காய்ந்திருக்க வேண்டும் என்பதால், பிஞ்சு பிடித்த பிறகு மூடாக்கு இடுவது நல்லது. உதிர்ந்த பழங்களை மூடாக்குக்குள் அழுகவிடக் கூடாது. பழ ஈயின் புழுக்கள் அவற்றிலிருந்து வெளியேறி மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகின்றன.

குப்பையாகத் தெரியுமே என்ற தயக்கத்துக்கு எளிய வழி, மூடாக்கின் விளிம்பில் செங்கற்களைச் சுண்ணம் பூசாமல் வட்டமாக அடுக்கிவிடுவதுதான். சருகு காற்றில் பறக்காது. பார்ப்பவருக்கும் அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று விளங்கும். வட்டத்துக்கு வெளியே நீங்கள் வழக்கம்போல் பெருக்கிக்கொள்ளலாம்.

எலுமிச்சை மரத்தின் தூரைச் சுற்றி வைக்கோலையும் சாணத்தையும் குவித்து மூடாக்கு போட்டேன். இப்போது அடிமரத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் வடிகிறது. ஒரு பக்கத்து இலைகள் மஞ்சளாகின்றன. என்ன செய்வது? (வாசகர், புளியங்குடி)

முதல் வேலையாக, தூரை ஒட்டிக் கிடக்கும் அனைத்தையும் இன்றே விலக்குங்கள். வேர் ஈரத்தில் வாழப் பழகியது. அடிமரத்தின் பட்டை அப்படியன்று, அதற்குக் காற்று வேண்டும். எப்போதும் நனைந்தே கிடக்கும் பட்டையில் மண்ணிலுள்ள பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி ஏறி, பட்டைக்கு அடியில் அழுகலை உண்டாக்குகிறது. எலுமிச்சை இனத்தில் அதன் வெளிப்பாடுதான் இந்தப் பிசின்.

பிசின் வடியும் இடத்தைக் கூரிய, தூய்மையான கத்தியால் சுரண்டிப் பாருங்கள். பழுப்பாகி மெத்தென்றிருக்கும் பட்டையை, நலமான திசு தெரியும் வரை நீக்கிவிட்டு, போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) 100 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒரு லிட்டர் பசை கிடைக்கும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள், இரும்பு ஆகாது. அடிமரச் சுற்றில் பாதிக்கு மேல் பட்டை செத்திருந்தால் மரம் பிழைப்பது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கால் பங்குக்குள் என்றால் பெரும்பாலும் தேறிவிடும்.

தண்ணீர் பாய்ச்சும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். தூரைச் சுற்றி ஒரு சிறு வரப்பும், அதற்கு வெளியே மற்றொரு வரப்புமாக இரட்டை வட்டப்பாத்தி அமைத்து, நீரை இரண்டு வரப்புகளுக்கும் இடையில் மட்டும் நிறுத்தினால் அடிமரம் உலர்ந்தே இருக்கும். மூடாக்கும் அந்த வெளிவட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

இது எலுமிச்சைக்கு மட்டும் உரிய விதியன்று. எந்த மரமானாலும் அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தில் சற்று விரிந்து வேர்களாகப் பிரிவதைப் பார்க்கலாம். அந்த விரிவு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கன்றுக்கு ஒரு சாண் இடைவெளியும் பெரிய மரத்துக்கு ஒன்றரைச் சாண் இடைவெளியும் விட்டு, அதன் பிறகே மூடாக்கைத் தொடங்குங்கள். தூரில் உயர்ந்து ஓரத்தில் சரியும் மேடாகக் குவிப்பதே இன்று பரவலாகக் காணும் தவறு. தூரில் ஒன்றுமில்லாமல் ஓரத்தில் தடித்திருப்பதே சரியான அமைப்பு. முருங்கைக்கும் பப்பாளிக்கும் இதில் இருமடங்கு கவனம் வேண்டும், ஏனென்றால் அவற்றின் தண்டு நீர் கோத்தால் விரைவில் அழுகும். மழைக்காலத்தில் களிமண் நிலத்தில் நிற்கும் மரங்களுக்கு மூடாக்கை இன்னும் வெளியே தள்ளிவிடுவது நல்லது.

கொய்யா, சப்போட்டா மரங்களைச் சுற்றிக் கோரை முளைத்துக்கொண்டே இருக்கிறது. கொத்தக் கொத்த அதிகமாகிறது. சருகு போட்டும் அதைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது. இதற்கு முடிவே இல்லையா? (வாசகர், மன்னார்குடி)

கொத்துவதால்தான் அதிகமாகிறது. ஒரு கோரையை மண்ணோடு தோண்டி எடுத்து, மண்ணை நீரில் கழுவிவிட்டுப் பாருங்கள். மெல்லிய கம்பி போன்ற தண்டில், வெளியே கருத்து உள்ளே வெளுத்த கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாசனைக்காக வாங்கும் அதே கோரைக்கிழங்குதான். இந்தத் தொடரில் நுனியில் உள்ள கிழங்கு வளரும்போது மற்றவை உறங்கிக் கிடக்கும். மண்வெட்டி தொடரை அறுத்ததும் தூங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கத் தொடங்கிவிடுகின்றன. ஊசிமுனை கொண்ட அதன் குருத்து மெல்லிய பாலித்தீன் தாளையே துளைத்து வரக்கூடியது என்பதால், சருகைக் குத்தி வருவதில் வியப்பில்லை.

ஆனால் கோரைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அது நிழலைத் தாங்காது. கிழங்கில் சேர்த்துவைத்த உணவைச் செலவிட்டுத்தான் புதிய இலையை விடுகிறது. அந்த இலை வெயிலில் நின்று உணவு தயாரித்தால்தான் கிழங்கு மீண்டும் நிரம்பும். எனவே இலை நான்கைந்து வருவதற்குள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தரைமட்டத்தில் கருக்கரிவாளால் அறுத்துக்கொண்டே வாருங்கள். மண்ணைக் கிளற வேண்டாம். அறுத்த கையோடு, ஒட்டுநாடா நீக்கிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி ஒற்றை அடுக்காக விரித்து, நன்றாக நனைத்து, அதன்மேல் 10 செ.மீ. மூடாக்கு இடுங்கள். தூரிலிருந்து விட வேண்டிய இடைவெளி இதற்கும் பொருந்தும். அட்டை ஒரு மழைக்காலத்தில் மக்கிப்போகும். அதைத் துளைத்து வரும் சில குருத்துகளை உடனுக்குடன் பிடுங்கினால், அவை வலுவிழந்தவையாக இருப்பதைக் கையே உணரும்.

மரங்களுக்கு இடையே திறந்துகிடக்கும் இடத்தில் தட்டைப்பயற்றையோ சணப்பையோ நெருக்கமாக விதைத்துவிடுவது இன்னும் நல்ல வழி. சணப்பைப் பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45 நாளில், அறுத்து மரத்தடியில் பரப்பினால் மூடாக்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஒருங்கே கிடைக்கும். இரண்டு பருவங்களாவது விடாமல் செய்தால்தான் கோரை அடங்கும்; ஒரு மாதம் கைவிட்டாலும் கிழங்குகள் மீண்டும் நிரம்பிவிடும். வெளியிலிருந்து வண்டல் மண்ணோ தொழு உரமோ வாங்கும்போது அதில் கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று கையால் அளைந்து பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களுக்குள் கோரை நுழைவது அந்த வழியில்தான்.

அருகம்புல் இவ்வளவு கடினமில்லை. அதன் ஓடு தண்டுகளைக் கையால் இழுத்து எடுத்துவிட்டு இதே முறையில் மூடினால் ஒரு பருவத்திலேயே வலுவிழந்துவிடும்.

களைக்கொல்லி ஒருமுறை தெளித்தால் வேலை முடிந்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். உப்பும் வினிகரும் கலந்து தெளித்தால் போதும் என்று கைப்பேசியில் ஒரு காணொளி சொல்கிறது. எதை நம்புவது? (வாசகர், பொள்ளாச்சி)

வீட்டு மரத்தடிக்கு இரண்டுமே வேண்டாம். கிளைபோசேட் போன்ற மருந்து இலையில் பட்டு, சாற்றோடு சேர்ந்து வேர் வரை இறங்கிச் செடியைக் கொல்வது. பச்சையாக இருக்கும் எதையும் அது களை, மரம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பச்சைப் பட்டையுள்ள இளங்கன்று, பப்பாளித் தண்டு, மரத்தின் அடியிலிருந்து கிளம்பும் பக்கத்தளிர் ஆகியவற்றில் பட்டால் மருந்து மரத்துக்குள்ளும் போகும். இந்தியாவில் அது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்குமே பதிவு பெற்றது. பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக அன்றி வேறு எவரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிக்கையும் வெளியிட்டது. 2,4-டி என்னும் மற்றொரு வகைக் களைக்கொல்லியின் சாரலும் ஆவியும் காற்றில் சென்று அடுத்த வீட்டுத் தக்காளியின் இலைகளைக் கூடச் சுருட்டிவிடும்.

உப்பு அதைவிடத் தீங்கானது என்பேன். சோடியம் மண்ணிலேயே தங்கி, மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, வேர் நீரை உறிஞ்சவிடாமல் செய்யும். களை முளைக்காத அந்த இடத்தில் மரமும் வாடும். வினிகர் மேலே உள்ள இலையைக் கருக்குமே தவிர வேரைத் தொடாது. கோரையும் அருகும் சில நாட்களில் மறுபடி தழைக்கும்.

நட்டு மூன்று ஆண்டுகள் வரை, கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் மட்டும் புல்பூண்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீருக்கும் தழைச்சத்துக்கும் கன்றோடு புல் போட்டியிடுவது அந்த வட்டத்தில்தான். மற்ற இடத்தில் முளைப்பதைப் பூத்து விதை விழும் முன் அறுத்து, அங்கேயே காயவைத்து மூடாக்காகப் போடுங்கள். எல்லாக் களையையும் பகையாகக் கருத வேண்டியதில்லை. மூக்கிரட்டையைப் பறித்துச் சமைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுழலும் நைலான் இழை அடிமரத்தில் பட்டால் பட்டை உரிந்துவிடும். இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்பகுதி வழியாகத்தான். சுற்றிலும் பட்டை அறுந்துபோனால் மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும். மூடாக்கு வட்டம் இருந்தால் இயந்திரம் தூரின் அருகே செல்லும் தேவையே இராது.

தென்னைக்கு நார்க்கழிவு போடலாமா, உரிமட்டை போடலாமா? காண்டாமிருக வண்டு வரும் என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகி, பேராவூரணி)

இரண்டும் போடலாம். தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 100 உரிமட்டைகள், அல்லது 15 காய்ந்த ஓலைகள், அல்லது 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவு என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உரிமட்டையின் குவிந்த முதுகு மேலே பார்க்கும்படி அடுக்க வேண்டும். மல்லாத்திப் போட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும்.

நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்கு நீரையாவது பிடித்துவைக்கும். ஆனால் புதிய நார்க்கழிவில் தழைச்சத்தைவிடக் கரிமம் நூறு மடங்குக்கும் அதிகம். அதை மண்ணோடு கலந்தால், மக்குவதற்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், ஓலை வெளிறும். மேலே பரப்புவதோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது. மக்கவைத்த பிறகு பயன்படுத்த முடிந்தால் அதுவே மேல். மரத்தூளுக்கும் இதே விதிதான்.

வண்டு பற்றிய அச்சம் காரணமற்றதன்று. ஆனால் அது முட்டையிட விரும்புவது எருக்குழியையும் மக்கிய தென்னங்கட்டைகளையும் ஈரம் சொட்டக் குவிந்து கிடக்கும் குப்பையையுமே. பாத்தியில் பரப்பிய உரிமட்டை அதற்கு உகந்த இடமில்லை. எருக்குவியலை அடிக்கடி புரட்டி, உடல் வளைந்து கிடக்கும் பழுப்புத் தலையுள்ள கொழுத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை எருக்குழியில் இட்டால் புழுக்கள் நோயுற்று இறக்கும். விரிந்த ஓலையில் விசிறி வடிவ வெட்டுகள் புதிதாகத் தென்பட்டால் சுற்றுவட்டாரத்தில் இந்த வண்டுகளின் பிறப்பிடம் ஏதோ இருக்கிறது என்று தேடுங்கள்.

மூடாக்கு போட்டால் கரையான் மரத்தைத் தின்றுவிடாதா? (வாசகர், சிவகங்கை)

கரையான் பெரும்பாலும் உயிரற்ற பட்டையையும் காய்ந்த கட்டையையுமே தின்னும். பெரிய மரத்தில் மண்பூச்சு ஏறியிருந்தால் தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டுப் பாருங்கள். அடியில் உயிர்ப்பட்டை நலமாகவே இருக்கும். உண்மையான ஆபத்து, நீரின்றி வாடும் முதலாண்டுக் கன்றுகளுக்குத்தான். அவற்றுக்கு மூடாக்கைத் தள்ளி இடுங்கள். பாத்தி ஈரமாக இருக்கட்டும். வேப்பம் பிண்ணாக்கைத் தூவுங்கள். தென்னையில் ஏறினால் 50 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, அடியிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் வரை பூசலாம். வீட்டுச் சுவருக்கும் மூடாக்குக்கும் இடையில் ஒரு மீட்டர் வெறும் தரையாக விட்டால் கரையான் நிலைக்கதவுக்கு வருகிறதா என்பது உடனே தெரியும். தேள், பூரான் பற்றிய கவலையும் குறையும்.

வாசலில் உள்ள புங்க மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அதை உடைத்துவிட்டுப் பிளாஸ்டிக் விரித்து ஜல்லி போடலாம் என்கிறார் கொத்தனார். (வாசகர், சென்னை, குரோம்பேட்டை)

உடைப்பது சரி, பிளாஸ்டிக் வேண்டாம். வேர் மூச்சுவிடக் காற்றும் மேலிருந்து இறங்கும் நீரும் வேண்டும். இரண்டையும் சிமெண்டைப் போலவே பிளாஸ்டிக்கும் தடுக்கும். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. வீட்டு வாசலிலும் அந்த ஒரு மீட்டரையே குறைந்த அளவாகக் கொள்ளலாம். உளியும் சுத்தியலும் கொண்டு கையாலேயே பெயர்க்கச் சொல்லுங்கள். இயந்திரத்தால் உடைத்தால் அடியில் ஓடும் வேர் நசுங்கும். ஜல்லி கோடையில் வெப்பத்தைத் தேக்கும், மண்ணுக்கு எதையும் தராது. மக்கிய உரமும் சருகும் போட்டு, ஆள் நடக்கும் பக்கத்தில் மட்டும் செங்கற்களை மணல்மேல் இடைவெளி விட்டுப் பதியுங்கள்.

பார்த்தீனியத்தைப் பிடுங்கி மூடாக்காகப் போடலாமா? (வாசகி, தருமபுரி)

பூக்கும் முன் என்றால் போடலாம், பூத்துவிட்டால் கூடாது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், மூடாக்கே விதைப்பாத்தியாகிவிடும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவது எளிது. தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் தரக்கூடிய செடி என்பதால் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே தொடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும்.